திருவனந்தையில் தமிழ் உயர்கல்வி

பழவங்காடிப் பிள்ளையார் திருமுன் நாள்தோறும் சிதறும் தேங்காய்களின் ஓசையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு. சாலைக்கடைத் தெருவில் வாணிகம் செய்து வாழ்ந்தோர், கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோர், அரசுப் பணியின் பொருட்டு நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கோட்டையைச் சுற்றித் தங்கியோர், அண்மையில் தொழில் நிமித்தம் வந்து நம் குடியிருப்பிற் சேர்ந்தோர் என நாம் பல திறத்தினர். இத்துணைத் திறத்தினரும் ஒன்றுகூடிப் பேசும் போதெல்லாம் முடிவில் வந்து நிற்கும் பேச்சு ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் இந்நகரில் தமிழ் பயில வழி உண்டா என்பதே அது.

சென்ற ஆண்டு விழாவிற்குச் சில கிழமைகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ் முதுகலை பயிலும் மாணவ மாணவியர் சிலரும், அவர்தம் ஆசிரியர் இருவரும், ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும் நம் அழைப்பிற்கிணங்கி வந்திருந்தனர். அவர்கள் எந்தக் கல்லூரியினர், எந்தத் துறையினர் என்பதை ஈண்டு எழுதப் போவதில்லை. அவர்கள் நம்மை நம்பித் தம் குறைகளைச் சொன்னார்கள். அவற்றை ஊரறியத் தூற்றுவது நமக்கு முறையன்று.

முதலில் தயங்கிய மாணவர்கள், சுக்குக் காப்பி வந்தபின் வாய் திறந்தனர். நூலகப் பீரோ ஒன்று பூட்டிக் கிடக்கிறது என்றார் ஒருவர். சாவி யாரிடம் என்பது தெரியவில்லையாம். கல்வெட்டியல் தமக்கு ஒரு பாடமாக உள்ளதெனவும், ஆனால் ஒரு கல்வெட்டையேனும் தாம் நேரிற் கண்டதில்லை எனவும் ஒரு மாணவி கூறினார். ஆய்வு உதவித்தொகை காலந்தாழ்ந்து வருவதாக ஒருவர் உரைத்தார். பாடத்திட்டத்தில் மொழியியல் மிகுதியா, இலக்கியம் குறைவா என்பதில் மாணவர்க்குள்ளேயே இரு கட்சிகள் எழுந்தன. ஆசிரியர்களோ தம் பக்கத்துத் துன்பத்தைச் சொன்னார்கள். காலியான இடங்கள் நிரப்பப்படவில்லை. மாணவர் தொகை குறைவாதலின் புதிய இடம் கேட்கவும் நா எழுவதில்லை. "பிள்ளைகள் வராத துறைக்கு யார் பணம் தருவார்கள்?" என்று அவருள் ஒருவர் எம்மையே திருப்பிக் கேட்டார். அக்கேள்வி எம்மைக் குறித்தது என்பதை உணர்ந்து நாம் வாளா இருந்தோம்.

அப்போதுதான் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "தம்பி, இந்நகரப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை எப்போது தோன்றியது, அதற்கு முதற்பணம் கொடுத்தவர் யார் என்று தெரியுமா?" என்று வினவினார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் நோக்கினர். நாமும் அவ்வாறே நோக்கினோம். ஓய்வு பெற்ற பேராசிரியர் மட்டும் புன்னகைத்தார். அன்று அவர் கூறத் தொடங்கியவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்துத் தெளிந்தவற்றையும் சேர்த்து எழுதியதே இக்கட்டுரை.

நம் குடியிருப்பிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இவ்வரலாறு தொடங்குகிறது. வலியசாலையில் உள்ள பழைய சிவன் கோயிலை ஒட்டிய இடமே பண்டைக் காந்தளூர்ச் சாலை எனப் பலரும் கருதுவர். முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகள் பலவற்றில் அவனது முதல் வெற்றியாகப் பேசப்படும் ஊர் இதுவே. அங்கே அவன் அறுத்த கலம் மரக்கலமா, உண்கலமா, வேறொன்றா என்பது குறித்து அறிஞரிடையே நெடுநாள் வழக்கு உண்டு. நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களும் காந்தளூர்ச் சாலை என்றே பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். அவ்வழக்கினுள் நாம் புக வேண்டுவதில்லை. சாலை என்பது அக்காலத்தில் உண்டியும் உறையுளும் கொடுத்துக் கல்வி பயிற்றிய நிலையம் என்பதே நமக்கு வேண்டுவது.

இதனை விளக்க நல்லதொரு சான்று இருக்கின்றது. ஆய் மரபினனான கருநந்தடக்கன் என்னும் மன்னன் கி.பி. 866-இல் வெளியிட்ட செப்பேடு அது. திருவனந்தபுரத்து உசூர்க் கச்சேரியில் இருந்தமையால் உசூர் அலுவலகச் செப்பேடு என்று அதனை வழங்குவர். முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து அவர்தம் நிலத்தைப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, காந்தளூர் முறைமையில் தொண்ணூற்றைவர்க்கு ஒரு சாலையும் நிறுவினான் அம்மன்னன். அந்த 95 இடங்களும் எவ்வாறு பகுக்கப்பட்டன என்பதும் ஏட்டில் உள்ளது. வேதத்தின் மூன்று கிளையினர்க்கு முறையே 45, 36, 14 என ஒதுக்கினான். சாலையில் வாழும் சாத்தர் எவ்வாறு ஒழுக வேண்டும், தம்முள் பூசலிட்டாலும் படைக்கலம் கொண்டு ஊறு செய்தாலும் என்ன தண்டம் இறுக்க வேண்டும் என்பனவும் அதில் எழுதப்பெற்றுள்ளன.

இச்செப்பேட்டைப் பற்றி நாம் கூறியபோது மாணவர்கள் நகைத்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் விடுதியில் சண்டை இருந்ததா என்று கேட்டனர். இருந்தது, இருந்தமையாற்றான் விதி எழுதினார்கள். அதனினும் கருதத்தக்க செய்தி வேறொன்று. எத்தனை மாணவர், எந்தப் பாடத்திற்கு எத்தனை இடம், அவர்க்கு உணவு எந்நிலத்திலிருந்து என்பனவற்றைத் தீர்மானித்த பின்னரே அச்சாலை திறக்கப்பெற்றது. அச்சாலையில் வேதம் ஓதுவோர்க்கு மட்டுமே இடம் இருந்தது என்பதையும், ஏனைய மக்கள் அதன் வாயிலுக்கும் சென்றிருக்க இயலாது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. செப்பேடு எழுதப்பெற்ற மொழி தமிழ். ஆயினும் அங்கே தமிழ் ஒரு பாடமாக இருந்ததற்குச் சான்றில்லை. தமிழில் விதி எழுதி, வேறொன்றைக் கற்பித்த கல்விச்சாலை என்று அதனைச் சொல்லலாம். இந்நிலை பின்னரும் இந்நகரில் நெடுங்காலம் நீடித்தது.

நிற்க. இனிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கு வருவோம். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் 1834-இல் இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளி தோன்றிற்று. அதுவே வளர்ந்து, ஆயில்யம் திருநாள் காலத்தில் 1866-இல் கல்லூரி ஆயிற்று. பாளையத்தில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் பல்கலைக்கழகக் கல்லூரியே அது. அந்நாளில் மகாராசா கல்லூரி என்பது அதன் பெயர். பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். தேர்வுத்தாளும் அங்கிருந்தே வரும்.

அக்கல்லூரியின் பெருமைகளுள் தலையாயவர் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855-இல் ஆலப்புழையிற் பிறந்து, இக்கல்லூரியிலேயே பயின்று, சிறிது காலம் திருநெல்வேலியில் ஆசிரியராகவும் பின்னர் அரசின் வருவாய்த் துறை அலுவலராகவும் இருந்து, மீண்டும் இக்கல்லூரிக்கே பேராசிரியராக வந்தவர் அவர். 1891-இல் அவர் வெளியிட்ட மனோன்மணீயம் என்னும் நாடக நூலைத் தமிழர் அனைவரும் அறிவர். அதனைத் தம் ஆசிரியர் ஹார்வி அவர்களுக்கு உரிமையாக்கினார். தாம் வாழ்ந்த பேரூர்க்கடை இல்லத்திற்கும் அவ்வாசிரியர் பெயரையே இட்டு ஹார்விபுரம் என்று வழங்கினார். அந்நூலின் பாயிரத்தில் உள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே 1970-இல் தமிழ்நாட்டரசால் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பெற்று, 2021-இல் மாநிலப் பாடல் என அறிவிக்கப்பெற்றது. இன்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு விழாவிலும் எழுந்து நின்று பாடப்படும் அப்பாடலை எழுதியவர் நம் ஊரினர். நாம் பேருந்தில் நாளும் கடந்து செல்லும் கல்லூரியில் பணி செய்தவர். இதனை நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்?

இங்கே ஒரு முரண்பாட்டைக் காணலாம். சுந்தரம் பிள்ளை தமிழ்ப் பேராசிரியர் அல்லர், மெய்ப்பொருளியற் பேராசிரியர். வகுப்பறையில் அவர் கற்பித்தது ஐரோப்பியத் தத்துவம். கற்பித்த மொழி ஆங்கிலம். வீட்டிற்கு வந்தபின் அவர் செய்தது தமிழ். வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடி அலைந்ததும், அவற்றைக் கொண்டு திருவிதாங்கூரின் பண்டை வேந்தர்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதியதும், திருஞானசம்பந்தர் காலத்தை வரையறுத்ததும், சைவப்பிரகாச சபையை இந்நகரில் நிறுவியதும் எல்லாம் கல்லூரி மணி அடித்த பின்னர் நிகழ்ந்தவை. 1897-இல், 42 வயதிலேயே அவர் மறைந்தார். அந்நாளில் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர் பண்டிதர் எனப்பட்டார். பேராசிரியருக்குரிய ஊதியமும் இருக்கையும் அவருக்கு இல்லை. தமிழுக்கு உழைத்த பேரறிஞர் ஒருவர் வேறொரு பாடத்தின் பெயரால் ஊதியம் பெற நேர்ந்த நிலையைத் திருவனந்தபுரத்தின் குறை என்று மட்டும் சொல்ல இயலாது. அது அக்காலத்தின் குறை.

1937-இல் சித்திரைத் திருநாள் மன்னரின் அறிக்கையால் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. சர் சி. பி. இராமசாமி ஐயர் முதல் துணைவேந்தரானார். சென்னையின் பட்டத்தை எதிர்நோக்கியிருந்த நிலை மாறிற்று. அந்நாளில் திருவிதாங்கூர் என்பது கன்னியாகுமரி வரை நீண்டு கிடந்த நாடு என்பதை இளைஞர் நினைவிற் கொள்ள வேண்டும். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் தென் வட்டங்களிலும் செங்கோட்டையிலும் வாழ்ந்தோருட் பெரும்பாலோர் தமிழர். அவர் வரியும் அரசு கருவூலத்திற்கே சென்றது. ஆதலின் அப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டது இரத்தலன்று, உரிமை.

ஆயினும் இடம் கொடுக்கப் பொருள் வேண்டுமே! அப்பொருள் வந்த திசைதான் வியப்புக்குரியது. கோட்டையூரில் பிறந்து, மலேயாவிலும் பர்மாவிலும் கொச்சி நாட்டிலும் தொழில் வளர்த்த டாக்டர் இராம. அழகப்பச் செட்டியார், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சிக்கென ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். அந்நிதியைக் கொண்டு 1944-இல் தமிழ்த்துறை தொடங்கப் பெற்றது. காரைக்குடியில் அவர் கல்லூரி நிறுவியது 1947-இல். ஆதலின், தம் சொந்த மண்ணில் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டு முன்னரே, சேர நாட்டுத் தலைநகரில் தமிழுக்கு இருக்கை இட்டவர் அவர் என்பது தெளிவு. அக்காலத்து ஓர் இலட்சம் என்பது எத்துணைப் பெரிது என்பதை நம் குடியிருப்பின் முதியோர் அறிவர். அன்று மாலை நம் மூத்த உறுப்பினர் வினவிய வினாவிற்கு விடை இதுவே. விடை கேட்ட மாணவி ஒருவர், துறையின் சுவரில் அவர் படம் இருக்கிறதா என்று தம் தோழியைக் கேட்டார். எத்துறைச் சுவரை அவர் குறித்தார் என்பதை நாம் கேட்கவில்லை.

1951 முதல் 1954 வரை அத்துறையின் தலைமைப் பேராசிரியராக இருந்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை 1926 முதல் 1936 வரை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தவர். அதன்பின் அப்பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சித் துறைக்குத் தலைமை தாங்கியவர். திருவனந்தபுரம் அவருக்குப் புதிய ஊரன்று. இளமையில் இங்கே வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர் அவர். ஒரு சொல் எந்நூலில் முதன்முதல் வருகிறது, எந்த ஏட்டில் எந்தப் பாடம் உள்ளது என்று நுணுகி நுணுகிப் பார்த்துக் காலம் கணித்தார். அக்கணிப்பில் தொல்காப்பியமும் திருக்குறளும் பிறர் கருதியதினும் மிகப் பிற்பட்டனவாக வந்தன. அதனால் தமிழறிஞர் பலர் அவர்பால் வெகுண்டனர். அவ்வெகுளி அவர் மறைந்த பின்னரும் தணியவில்லை.

அவர் கூறிய காலக் கணிப்புகள் பலவற்றைப் பிற்காலத்தார் ஏற்கவில்லை. நாமும் அவை அனைத்தையும் ஏற்றோம் அல்லேம். ஆனால், ஏடு பார்க்காமல் எழுதாதே, சான்றில்லாமல் பேசாதே என்று மாணவரைப் பழக்கிய ஆசிரியர் நம் நகரில் மூன்றாண்டுகள் இருந்தார் என்பது சிறிய பேறன்று. 1956-இல் அவர் காலமானார். ஒவ்வொரு நூலாகத் தேடிச் சேர்த்த அவருடைய நூல்கள் பின்னர்க் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. அங்கே அவர் பெயரால் ஒரு தொகுப்பாகவே காக்கப்பெறுகின்றன. பூட்டிய பீரோவைப் பற்றிப் பேசிய மாணவரிடம் இதனைச் சொன்னபோது, "அங்கேயாவது சாவி இருக்கிறதே, சார்!" என்றார். அவையில் நகைப்பு எழுந்தது; ஆசிரியர்களும் நகைத்தனர்.

இனி, இவ்வரலாற்றின் திருப்புமுனைக்கு வருகிறோம். தென் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்னும் கிளர்ச்சி மார்சல் நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசால் நடத்தப் பெற்றது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்றது. அவ்வெற்றி நேரியது, அதற்காக மாண்டோரை நாம் வணங்குகிறோம். அதனால் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்ட நமக்கு நேர்ந்தது என்ன என்பதைத்தான் எவரும் விரிவாக எழுதவில்லை.

நாகர்கோவிலில் 1893 முதல் கல்லூரியாக விளங்கும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும், 1952-இல் தோன்றிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் அதுவரை நம் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. பிரிவினைக்குப் பின் அவை சென்னைக்கும், பின்னர் மதுரைக்கும், அதன்பின் 1990-இல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக்கழகத்திற்கும் உரியவாயின. தென் திருவிதாங்கூர் என்னும் பெயர் மட்டும் அக்கல்லூரியின் வாயிலில் இன்றும் இருக்கிறது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்திற்கு இட்ட பெயரோ மனோன்மணியம் சுந்தரனார் என்பது! நம் ஊர்ப் பேராசிரியரின் பெயர் தாமிரபரணிக் கரைக்குச் சென்றது. அவர் கற்பித்த கல்லூரியின் தமிழ் மாணவர் தொகை இங்கே சுருங்கிற்று. தோவாளையிலிருந்தும் விளவங்கோட்டிலிருந்தும் ஆண்டுதோறும் வந்த பிள்ளைகளுக்கு இது வேற்று மாநிலம் ஆயிற்று. வேர் இங்கே, நிலம் அங்கே என்னும் நிலை தமிழ்த்துறைக்கு ஏற்பட்டது.

அதே 1956-இல் அரசியலமைப்புச் சட்டத்தில் செய்யப்பெற்ற ஏழாம் திருத்தம், மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய முயலுமாறு ஒவ்வொரு மாநிலத்தையும் பணித்தது. 350-அ என்பது அவ்விதியின் எண். அது தொடக்கக் கல்விக்கே உரியது. உயர்கல்வியைப் பற்றிப் பேசவில்லை. ஆதலின் சாலையிலுள்ள அரசுத் தமிழ்ப் பள்ளி போன்றவற்றிற்கு அரணாக நிற்க அவ்விதி உண்டு; அப்பள்ளியில் பயின்ற பிள்ளை மேலே எங்குச் செல்வது என்பதற்கு அவ்விதியில் விடையில்லை. அன்று மாலை நடந்த உரையாடலின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பள்ளியில் தமிழ் மாணவர் குறைந்தால் கல்லூரியில் குறைவர். கல்லூரியில் குறைந்தால் ஆசிரியர் இடம் நிரம்பாது. ஆசிரியர் இல்லையெனில் பெற்றோர் பள்ளியிலேயே பிள்ளையை வேறு மொழிக்கு மாற்றுவர்.

இத்தகைய காலத்தில் துறைக்குத் தலைமை ஏற்றவர் வ. அய். சுப்பிரமணியம். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் 1926-இல் பிறந்தவர். அமெரிக்காவில் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்று 1957-இல் ஆய்வுப் பட்டம் பெற்றவர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய ஆண்டும் அதுவே. மாணவர் தொகை குறைந்த துறையை எவ்வாறு நிலைநிறுத்துவது? அவர் கண்ட வழி, வேறெங்கும் நடவாத ஒரு பணியை இங்கே நடத்துவது. சங்க நூல் ஒவ்வொன்றையும் சொல் சொல்லாகப் பிரித்து, அச்சொல் வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, இலக்கணமும் வரையும் திட்டம் அது. 1962-இல் அவர் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மாணவர்களும் ஆளுக்கொரு நூலை எடுத்து உழைத்தனர். ச. வே. சுப்பிரமணியன் அகநானூற்றை எடுத்துக்கொண்டார். அவருடைய அகநானூற்று இலக்கணமும் சொல்லடைவும் 1972-இல் அச்சேறின. பின்னாளில் சென்னையிலுள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக விளங்கியவர் அவரே.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் சொல்லடைவுப் பணி எத்தகைய உழைப்பு என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் நலம். சொல்லுக்கோர் அட்டை, அவ்வட்டையில் சொல், பாட்டு எண், அடி எண். நானூறு பாட்டிற்கு எத்தனை ஆயிரம் அட்டை! அவற்றை அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினால் ஒரு சொல் தொலைந்தது. இவ்வேலைக்கு வேண்டிய பொருள்கள் அட்டை, பேனா, மேசை, பொறுமை என்பனவே. கட்டடமும் கருவியும் குறைவாயிருந்த காலத்தில், உள்ளதைக் கொண்டு உலகத் தரத்தில் ஒரு பணி நடந்தது. அதனைக் காட்டி, இன்றும் வசதி வேண்டாம் என்று எவரேனும் வாதிட்டால் நாம் உடன்படோம். மாணவரின் உழைப்பை நிருவாகத்தின் சிக்கனத்திற்குச் சான்றாக்குதல் தகாது.

1963-இல் மொழியியலுக்குத் தனித்துறை அமைந்தது. தமிழும் மலையாளமும் அங்கே ஒரே மேசையில் ஆராயப்பெற்றன. 1971-இல் திராவிட மொழியியற் கழகமும், 1977-இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் நிறுவனமும் வ. அய். சுப்பிரமணியம் அவர்களின் முயற்சியால் இந்நகரில் எழுந்தன. 1981-இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபோது அதன் முதல் துணைவேந்தராக அவரையே தமிழ்நாட்டரசு அழைத்தது. 2009-இல் அவர் மறைந்தார். மொழியியல் மிகுதியா இலக்கியம் குறைவா என்று அன்று நம் முன் எழுந்த வழக்கிற்கு அறுபதாண்டு வயது என்பது இதனால் விளங்கும். இலக்கியத்தைச் சுவைக்க வந்தவரை எண்ண வைக்கிறார்களே என்று முறையிட்டோர் அந்நாளிலும் இருந்தனர்.

சுவைக்கவும் இங்கே ஆசிரியர் இல்லாமற் போகவில்லை. பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சி. ஏசுதாசன் அவர்களும், அங்கே ஆங்கிலம் கற்பித்த அவர்தம் துணைவியார் ஹெப்சிபா ஏசுதாசன் அவர்களும் சேர்ந்து தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1961-இல் வெளியிட்டனர். எண்ணிக்கை கொண்டன்றி, கவிதையின் நயம் கொண்டே நூல்களை நிறுத்துப் பார்த்த வரலாறு அது. அம்மையார் 1964-இல் எழுதிய புத்தம் வீடு, பனையேறிகளின் குடும்ப வாழ்வை அவர்தம் பேச்சு மொழியிலேயே காட்டிய நாவல். கல்லூரிக்கு வெளியே, சாலைக்கடைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே ஆ. மாதவன் அத்தெருவைக் கதைகளாக்கினார். பொறியாளராகப் பணி செய்த நீல. பத்மநாபன் 1968-இல் தலைமுறைகள் எழுதினார். மார் இவானியோசுக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த டி. கே. துரைசாமி, நகுலன் என்னும் பெயரில் தமிழில் எழுதினார். சுந்தரம் பிள்ளை காலத்து வழக்கம் இங்கே மாறவில்லை போலும்; வேறு தொழில் செய்வோரே தமிழை வளர்த்தனர்.

பின்னர்ப் பல்கலைக்கழகத் துறைகள் பலவும் நகரை விட்டுக் காரியவட்டத்து வளாகத்திற்குச் சென்றன. தமிழ்த்துறையும் சென்றது. அங்கே இடம் உண்டு, காற்று உண்டு, கீழ்த்திசைச் சுவடி நூலகம் உண்டு. அந்நூலகத்தில் வடமொழி, மலையாளச் சுவடிகளோடு தமிழ்ச் சுவடிகளும் உள்ளன. ஆனால் பாளையத்தில் இருந்தபோது சாலையிலிருந்தும் கரமனையிலிருந்தும் நடந்தே சென்று ஒரு சொற்பொழிவு கேட்டு வந்த நகரத் தமிழர்க்கு அவ்வழக்கம் அற்றுப்போயிற்று. ஆசிரியரும் மாணவரும் நம்மை மறந்தார்கள் என்று நாம் குறை கூறினோம். நாம் அவர்களைப் பார்க்கப் போகவில்லை என்று அவர்கள் கூறினார்கள். இரண்டும் உண்மையே.

கல்வெட்டுப் பாடம் உண்டு, கல்வெட்டைக் கண்டதில்லை என்று சொன்ன மாணவியின் குறைக்கு மட்டும் நாம் உடனே மருந்து தேட முடிந்தது. பழவங்காடியிலிருந்து சில நிமிட நடையில், கோட்டைப் பகுதியில், மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் என வழங்கும் ஓலைச் சுருணைகள் அங்கே பெருந்தொகையாக உள்ளன. தமிழ், வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என எழுத்து பல. மார்த்தாண்ட வர்மன் காலத்துக்கு முன்னும் பின்னும் கோயிலும் அரசும் எழுதிய கணக்கு அவற்றுள் கிடக்கின்றது. அண்மையில் அங்கே ஓலைச்சுவடிகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பெற்றுள்ளது. தமிழும் மலையாளமும் வட்டெழுத்தும் ஒருங்கே அறிந்தவர்க்கே அவ்வேடுகள் வாய் திறக்கும். அத்தகையோரை உருவாக்கத் திருவனந்தபுரத்துத் தமிழ் வகுப்பினும் தக்க இடம் வேறு எங்கே உண்டு? மதுரையில் பயிலும் மாணவர்க்கு மலையாளம் செவியில் விழாது. கோழிக்கோட்டில் பயில்வோர்க்குத் தமிழ் வாயில் வராது. இங்குள்ள பிள்ளைகளுக்கு இரண்டும் காலைப் பால்காரரிடமே கிடைக்கின்றன. இதனை நாம் கூறியபோது ஆசிரியர் இருவரும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். வட்டெழுத்துப் பயிற்சியை ஒரு தாளின் பகுதியாக மட்டும் வைக்காமல், விரும்புவோர்க்கு ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பாக நடத்தலாம் என்பது அவருள் ஒருவரின் கருத்து. மாலை நேரத்தில், நகருக்குள் நடத்தினால் நம் குடியிருப்பின் இல்லத்தரசியர் நால்வர் சேரத் தயார் என அங்கேயே பெயர் கொடுத்தனர். அவருள் இருவர் அறுபதைக் கடந்தவர்.

அன்றைய கூட்டம் இரவு ஒன்பது மணிக்கு முடிந்தது. பூட்டிய பீரோவின் சாவி மூன்று கிழமைகளுக்குப் பின் கிடைத்தது என்றும், உள்ளே பழைய சொல்லடைவு அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன என்றும் அம்மாணவர் எமக்குத் தெரிவித்தார். அவை எந்நூலுக்கு உரியவை என்பதை அவர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காலியான ஆசிரியர் இடங்கள் பற்றிய விண்ணப்பம் ஒன்றைச் சங்கத்தின் சார்பில் எழுதி, உறுப்பினர் கையொப்பத்துடன் உரியவர்க்கு அனுப்பியுள்ளோம். மறுமொழி இன்னும் வரவில்லை.

இம்மலர் வெளியாகும் திங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பழவங்காடியிலிருந்து ஒரு பேருந்து புறப்படுகிறது. களியக்காவிளை வழியாகச் சென்று, பார்த்திவபுரத்துக் கோயிலைக் கண்டு, அருகிலுள்ள புதுக்கடையில் 1954-இல் மாண்டோரின் நினைவிடத்தில் சிறிது நேரம் நின்று, மாலையில் திரும்ப எண்ணம். மாணவ மாணவியரும் ஆசிரியர்களும் உடன் வருகின்றனர். ஓய்வு பெற்ற பேராசிரியர் செப்பேட்டின் படியைக் கொண்டுவந்து, அது பிறந்த இடத்திலேயே படித்துக் காட்ட இசைந்துள்ளார். சாலைத் தமிழ்ப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஏனையோர் செயலாளரிடம் முன்னரே பெயர் பதிந்துகொள்க. பகலுணவைக் கட்டிக்கொண்டு வருதல் நலம்.